விலைக்கு வாங்கிய காவல்: போடி மலையடிவாரம் முதல் வாயிற்காவல் குடியிருப்பு வரை

ஆய்வுச்சுருக்கம்

மதிலும் வாயிலும் கூலிக்காவலும் கொண்ட நகர்ப்புறக் குடியிருப்புகள் புதியதொரு வாழ்க்கை முறையாகவே பேசப்படுகின்றன. ஆயினும் பாதுகாப்பை விலை கொடுத்துப் பெறும் வழக்கம் மதுரை, தேனி வட்டாரங்களில் நெடுங்காலமாக இருந்துள்ளது. அங்கு நிலவிய காவல் முறையையும், அதற்கு எதிராக 1896இல் எழுந்த கிளர்ச்சியையும், குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. திருவைகுண்டம் கோட்டை, உத்தப்புரம் சுவர் ஆகியவற்றோடு ஒப்புநோக்குகிறது. காவல் முறையில் காப்பவருக்கு இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு இருந்தது என்பதும், பின்வந்த காவல் வடிவங்களில் மதிலும் பதிவேடும் எஞ்ச அப்பொறுப்பு மறைந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காவல், துப்புக்கூலி, பிறமலைக் கள்ளர், ரேகைச் சட்டம், கோட்டைப் பிள்ளைமார், வாயிற்காவல் குடியிருப்பு

முன்னுரை

'கேட்டட் கம்யூனிட்டி' என்று விளம்பரங்களில் தமிழ் எழுத்திலேயே இடம்பெறும் குடியிருப்பு, வீட்டோடு சேர்த்து மற்றொன்றையும் விற்கிறது. சுற்றுமதில், ஒற்றை வாயில், இருபத்து நான்கு மணி நேரக் காவலர், கண்காணிப்புக் கேமரா ஆகியவை விலைப்பட்டியலில் நீச்சல் குளத்திற்கு முன்னரே எழுதப்படுகின்றன. வாங்குவோரில் முதியோரைத் தனியே விட்டு வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் உண்டு. இருவரும் பணிக்குச் செல்லும் இளம் இணையர் உண்டு. அவர்களது அச்சத்தைப் பொய் எனத் தள்ளுவது ஆய்வு நேர்மை ஆகாது. அந்த அச்சத்திற்கு அவர்கள் கொடுக்கும் விலை எதனைப் பெற்றுத் தருகிறது என்பதே கேட்கத்தக்க வினா.

இவ்வினாவை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் எனப் பாளையங்கள் நெருங்கி அமைந்த நிலம் இது. மேலே ஏலக்காட்டுக்குச் செல்லும் கணவாய்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள். கிழக்கே உசிலம்பட்டியை நடுவாகக் கொண்ட கள்ளர் நாடு. சரக்கும் கால்நடையும் இடையறாது நகர்ந்த இவ்விடத்தில் 'யார் காப்பது, எதற்கு ஈடாகக் காப்பது' என்பது அன்றாடப் பொருளியலாக இருந்தது.

கவர்தலும் காத்தலும்

தொல்காப்பியப் புறத்திணையியல் ஆநிரை கவர்தலையும் அதனை மீட்டலையும் வெட்சி என்னும் ஒரே திணைக்குள் அடக்குகிறது. மதில் முற்றுதலும் மதில் காத்தலும் அவ்வாறே உழிஞைக்குள் அமைகின்றன. கரந்தையும் நொச்சியும் தனித்திணைகளாகப் பிரிந்து நிற்பது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில்தான். இப்பகுப்பை இலக்கண நுட்பமாக மட்டும் கொள்ளாமல் ஒரு சமூக அறிவாகவும் வாசிக்க இடமுண்டு. கவரும் திறன் உடையவனே மீட்கும் திறனும் உடையவன். இரண்டும் ஒரு தொழிலின் இரு முகங்கள். சங்கப் பாடலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவல்காரரையும் ஒரே கோட்டில் இணைப்பது வரலாற்றுப் பிழையாகும். ஆயினும் காப்பவரையும் கவர்பவரையும் இரு வேறு இனங்களாகப் பிரித்தறியும் பார்வை தமிழ் மரபில் இயல்பானதன்று என்பதை இங்கு நினைவிற்கொள்வது பயன்தரும்; ஏனெனில் காலனிய அரசு அத்தகைய பிரிப்பையே சட்டமாக்கியது.

காவல் உரிமையும் துப்புக்கூலியும்

'பாடிகாவல்' என்னும் வரி சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. நாயக்கர் காலத்தில் காவல் இரு நிலைகளில் அமைந்தது. பெருவழிகளையும் பரந்த நிலப்பகுதியையும் காத்தல் தேசகாவல்; ஊரையும் களத்தையும் காத்தல் தலகாவல். பாளையக்காரரின் அதிகாரத்தில் பெரும்பகுதி படையைக் காட்டிலும் இக்காவல் உரிமையையே சார்ந்திருந்தது. நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைக் குறித்து 1987இல் வெளியிட்ட நூல் இந்த உறவை விரிவாக எடுத்துரைக்கிறது. பிறமலைக் கள்ளரின் எட்டு நாடுகளும் இருபத்து நான்கு உபகிராமங்களும் தமது காவல் உரிமையைத் திருமலை நாயக்கர் வழங்கியதாகச் செப்பேட்டு மரபின் வழி நிறுவி வந்தன.

காவல் முறையின் உள்ளமைப்பைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஊரார் விளைச்சலில் ஒரு பங்கையோ வீட்டுக்கு இவ்வளவு எனப் பணத்தையோ காவல்காரருக்கு அளித்தனர். அதற்கு ஈடாகக் காவல்காரர் இரவில் சுற்றிவருவதோடு நில்லாமல் களவு போன பொருளுக்கும் பொறுப்பேற்றார். பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பைத் தர வேண்டும். இன்றைய சொல்லில் கூறினால் இது காவலும் காப்பீடும் ஒன்றாகப் பிணைந்த ஏற்பாடு. காவல்காரர் ஊருக்குத் தெரிந்தவர். எந்த நாட்டைச் சேர்ந்தவர், யாருக்கு உறவினர் என்பதை அனைவரும் அறிவர். அவரது வலிமையில் பாதி, களவு செய்யக்கூடியவர்களிடையே அவருக்கிருந்த உறவுதான்.

அந்த உறவே முறையின் நோயாகவும் இருந்தது. காவல் பணம் தராத ஊரில் மாடு காணாமற்போகும். காணாமற்போன மாட்டின் இருப்பிடத்தை அறிவிக்க ஒருவர் வருவார். அவருக்குத் தரும் தொகை துப்புக்கூலி எனப்பட்டது. மாட்டின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தினால் அது குறித்த இடத்தில் கட்டப்பட்டிருக்கும். டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மதுரை மாவட்டக் கையேடு இவ்வழக்கத்தை விரித்துரைக்கிறது. அக்கையேட்டின் குரல் ஆட்சியாளரின் குரல் என்பதை மறவாமலே அதனைப் பயன்படுத்த வேண்டும். காவல் முறையைத் தமிழ்ச் சமூகத்தின் தன்னாட்சிப் பொற்காலம் எனப் புகழ்வோரும், அதனை வெறும் மிரட்டிப் பணம் பறித்தல் என இகழ்வோரும் பாதி உண்மையையே கூறுகின்றனர். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் இரண்டையும் செய்திருக்க இயலும்.

1801இல் கருநாடகப் பகுதி ஆங்கிலேயர் வசமானபின் தேசகாவல் வருவாயைக் கும்பினி அரசு தனதாக்கிக்கொண்டது. 1816ஆம் ஆண்டின் பதினொன்றாம் ஒழுங்குமுறை ஊர்த்தலைவரையும் தலையாரியையும் அரசுக் காவலின் கடைநிலை ஊழியராக்கியது. 1859ஆம் ஆண்டின் இருபத்து நான்காம் சட்டம் சென்னை மாகாணத்திற்குச் சீருடைக் காவல்துறையைத் தந்தது. காவல் உரிமை சட்டப்படி மறைந்தது, நடைமுறையில் நீடித்தது. புதிய காவல்துறை குற்றவாளியைத் தண்டிக்க முயன்றதே அன்றி மாட்டை இழந்தவனுக்கு மாட்டைத் தரும் கடமையை ஏற்கவில்லை. உழவனுக்குத் தேவைப்பட்டதோ மாடு.

1896: 'பண்டு' என்னும் பொதுநிதி

முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட 1895க்கு அடுத்த ஆண்டில் திண்டுக்கல் பகுதியில் கள்ளர் காவலுக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது. இடையர் சமூகத்தைச் சேர்ந்த அம்மையப்பக் கோன் இதனைத் தொடங்கியவராகக் கூறப்படுகிறார். ஊரார் கூடிக் காவல் பணம் தருவதில்லை என உறுதி கொண்டனர். அதற்கு மாறாகப் பொதுநிதி ஒன்றைத் திரட்டினர். ஆங்கிலச் சொல்லாகிய 'பண்டு' என்பதே அதன் பெயராயிற்று. களவு போன மாட்டுக்கு அந்நிதியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. காவலையும் ஊராரே அமைத்துக்கொண்டனர்.

இன்றைய குடியிருப்போர் சங்கத்தின் மாதப் பராமரிப்புக் கட்டணத்திற்கு இத்துணை நெருங்கிய முன்னோடி வேறெதுவும் இவ்வட்டாரத்தில் இல்லை எனலாம். அச்சத்தில் வாழ்ந்தோர் ஒன்றிணைந்து தமக்கான பாதுகாப்பைத் தாமே விலைகொடுத்து அமைத்தனர் என்ற அளவில் இது போற்றத்தக்கது. ஆனால் பண்டு அத்துடன் நிற்கவில்லை. ஊர்களில் குடியிருந்த கள்ளர் குடும்பங்கள் களவில் பங்கு உண்டா இல்லையா என்ற வேறுபாடின்றி வெளியேற்றப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. ஆனந்த் பாண்டியன் 2005இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையும், கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு 2009இல் அவர் எழுதிய நூலும், நல்ல உழவன் எதிர் இயல்பிலேயே களவாடும் கள்ளன் என்ற இருமை எவ்வாறு ஊரிலும் ஆட்சியிலும் ஒருசேர உறுதிப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. தனிமனிதரின் செயல் பின்தள்ளப்பட்டுப் பிறப்பு முன்னிறுத்தப்பட்டதும் பாதுகாப்பு என்பதற்கு விலக்கல் என்ற பொருள் வந்து சேர்ந்தது.

காவலரைச் சுற்றி எழுந்த வேலி

அடுத்த படியை அரசே எடுத்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபின், 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர் மீதும், 1918இல் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் அது விரிவுபடுத்தப்பட்டது. மக்கள் வழக்கில் இது 'ரேகைச் சட்டம்'. கைரேகை பதித்தவர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ தங்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். தலைமுறை தலைமுறையாக இரவில் பிறர் வீட்டைக் காத்தவர்கள் இரவில் காக்கப்பட வேண்டியவர்களாயினர். மதிலின்றியே ஒரு வேலி அவர்களைச் சூழ்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தனர். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீங்கியது. கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடைபெறுகின்றன.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இலேயே கள்ளர் பற்றிய 'குற்றப் பரம்பரை' என்னும் கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்தினார். இங்கு வேண்டுவது அதன் ஒரு கூறு மட்டுமே: கைரேகையும் நுழைவுச்சீட்டும் பாதுகாப்புக் கருவிகளாக இவ்வட்டாரத்தில் அறிமுகமானபோது அவை காக்கப்படுவோரின் உடலில் பதியவில்லை, ஐயத்திற்குரியோராகக் கருதப்பட்டவரின் உடலில் பதிந்தன. இன்றைய அடுக்ககங்களில் வீட்டு உரிமையாளர் தடையின்றி நுழைய, வீட்டுப் பணிப்பெண் அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் ஒப்பமிட்டுப் பையைத் திறந்து காட்டிச் செல்லும் வழக்கத்தை இத்துடன் ஒப்பிடும்போது அளவில் பெரும் வேறுபாடு உண்டு. திசையில் வேறுபாடு இல்லை.

மதிலை நம்பியோர்: திருவைகுண்டம்

மதுரைப் பகுதிக் காவல் முறைக்கு மதில் தேவைப்படவில்லை. மதிலையே முதலாகக் கொண்ட குடியிருப்பைக் காண இன்னும் தெற்கே, தாமிரபரணிக் கரைக்குச் செல்ல வேண்டும். திருவைகுண்டத்தில் மண்கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார், மிகச் சிறிய, தமக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்ட வேளாளப் பிரிவினர். கமலா கணேஷ் களஆய்வின் அடிப்படையில் 1993இல் வெளியிட்ட நூல் இவர்களைப் பற்றிய முதன்மையான ஆவணம். நூலின் தலைப்பே எல்லைச் சுவர்களைக் குறிக்கிறது.

கோட்டைப் பெண்கள் வாழ்நாள் முழுவதும் மதிலுக்குள்ளேயே இருந்தனர். வெளியாடவர் உள்ளே வருவது தடை. கோட்டைக்குள் களவு அச்சம் இருந்ததாகவோ, பகைவர் முற்றுகைக்கு அஞ்சியே மதில் நீடித்ததாகவோ கொள்வதற்கில்லை. ஆங்கில ஆட்சி நிலைபெற்று, பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்ட பின்னரும் இம்மதில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அது காத்தது பொருளையன்று. சாதித்தூய்மையையும் பெண்ணின் ஒதுக்கத்தையும் அவற்றால் வந்த மதிப்பையும்தான். செல்வமோ மதிலுக்கு வெளியே வயலில் கிடந்தது. அதனை உழுதவரும் வெளியே இருந்தனர். மதிலுக்குள் நிறைவாழ்வு வாழ வேண்டுமாயின் மதிலுக்கு வெளியே பலர் நாள்தோறும் உழைக்க வேண்டியிருந்தது.

மதில் தன் பணியைச் செவ்வனே செய்தது என்பதே இதன் முரண். கலப்பு நிகழவில்லை, அதனாலேயே சமூகம் சுருங்கியது. மணமகனையும் மணமகளையும் சில பத்துக் குடும்பங்களுக்குள் தேட வேண்டிய நிலை. நிலவுடைமையின் வலிமை குறைந்து, கல்வியும் அரசுப்பணியும் ஆடவரை நகரங்களுக்கு ஈர்த்தபின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பங்கள் கோட்டையை விட்டு வெளியேறின. எவரும் மதிலைத் தாக்கவில்லை.

சுவர் யாருக்குப் பாதுகாப்பு என்னும் கேள்வியை மிக அண்மையில் எழுப்பிய இடம் உசிலம்பட்டிக்குத் தெற்கேயுள்ள உத்தப்புரம். 1989ஆம் ஆண்டுச் சாதி மோதலுக்குப் பின் தலித் குடியிருப்பை ஒட்டி எழுப்பப்பட்ட நெடுஞ்சுவரைக் கட்டியோர், தமது பாதுகாப்பின் பொருட்டே அதனைக் கட்டியதாகக் கூறினர். தலித் மக்களுக்கோ அது பொதுவழியைத் தடுத்த தீண்டாமைச் சுவர். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. அதன் பின்னரும் மோதல்கள் தொடர்ந்தன; 2011இல் இரு தரப்பும் காவல்துறையின் முன்னிலையில் அமர்ந்து உடன்பாடு செய்துகொண்ட பிறகே ஓரளவு அமைதி திரும்பியது. சுவர் நின்ற ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கிட்டாதது அது.

இன்றைய வாயில்

மதில்சூழ் குடியிருப்பு களவைக் குறைக்கிறதா என்னும் வினாவுக்கு அயல்நாட்டு ஆய்வுகள் ஒருமித்த விடை தருவதில்லை. எட்வர்ட் பிளேக்லியும் மேரி கெயில் ஸ்னைடரும் 1997இல் அமெரிக்கக் குடியிருப்புகளை ஆராய்ந்து, வாயிலால் குற்றம் நிலையாகக் குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்றனர். லின் அடிங்டனும் காலி ரென்னிசனும் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பைக் கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, வீடு புகுந்து திருடுதல் இக்குடியிருப்புகளில் குறைவு எனக் கண்டது. பின்னதை மறைத்து முன்னதை மட்டும் எடுத்தாளும் கட்டுரைகள் தமிழிலும் உண்டு, அது தகாது. வீடு புகும் திருடனுக்கு மதில் தடைதான். ஆனால் மதிலுக்குள் வாழ்வோர் அஞ்ச வேண்டியது வீடு புகும் திருடனை மட்டுமன்று.

2018 சூலையில் வெளிப்பட்ட அயனாவரம் வழக்கு இதற்குச் சான்று. சென்னையில் வாயிலும் காவலரும் கொண்ட பெரும் அடுக்ககம் ஒன்றில், செவித்திறன் குறைபாடுடைய பதினோரு வயதுச் சிறுமி பல மாதங்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள். கைது செய்யப்பட்ட பதினேழு பேரில் மின்தூக்கி இயக்குநரும் காவலர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் இருந்தனர். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் பதினைந்து பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. வாயிலைத் தாண்டி எவரும் வரவில்லை. வாயிலில் நின்றவர்களே குற்றம் புரிந்தனர். பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. வாயிற்பதிவேடு அறிமுகமற்றவரை நிறுத்தும் கருவி. அறிமுகமானவர் முன் அது செயலற்றது.

இவ்வழக்கிலிருந்து காவல் பணியாளர் அனைவர்மீதும் ஐயம் கொள்வது 1896இன் பிழையையே மீண்டும் செய்வதாகும். பிழை பணியின் அமைப்பில் உள்ளது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் முகமையின் உரிமத்தையும் காவலரின் பயிற்சியையும் உடற்தகுதியையும் வரையறுக்கிறது. களவு போன பொருளுக்கு ஈடு தரும் கடமை அதில் இல்லை. குறைந்த ஊதியத்தில், பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர முறையில், ஒப்பந்தம் மாறுந்தோறும் இடம் மாறும் காவலர் குடியிருப்போருக்குப் பெயரளவிலும் அறிமுகமாவதில்லை. பழைய காவல்காரரிடம் இருந்த அச்சுறுத்தும் ஆற்றல் இவரிடம் இல்லை என்பது பேறு. அவரிடம் இருந்த பொறுப்பும் இவருக்குச் சுமத்தப்படவில்லை.

மலையிலிருந்து இறங்கியோர்

போடிக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பரந்துள்ள ஏலத் தோட்டங்களும் ஒருவகையில் வேலியிட்ட குடியிருப்புகளே. எடையளவில் மிக விலையுயர்ந்த நறுமணப் பொருள்களுள் ஒன்றான ஏலக்காய் விளையும் இடமாதலின் வாயிலும் காவலும் அங்கு இன்றியமையாதவை. தொழிலாளரில் ஒரு பகுதியினர் தோட்டத்து லயங்களில் தங்குகின்றனர். மற்றொரு பகுதியினர் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புகின்றனர்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றி எல்லையின் இருபுறமும் வன்முறை மூண்டபோது, தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையில் வெளியேறினர். தாக்குதலுக்கு ஆளானோரும் தாக்குதலுக்கு அஞ்சியோரும் அவர்களில் இருந்தனர். சாலைகள் அடைபட்டிருந்தமையால் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் காட்டுவழியே நடந்து தேனி மாவட்டத்தின் அடிவார ஊர்களுக்கு இறங்கினர். லயத்தின் வாயில் அவர்களுக்குக் காவலாகவில்லை. அவ்வாயில் ஏலக்காயைக் காக்க அமைந்தது.

அவ்வடிவார ஊர்களுள் ஒன்று பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகத்திற்கெனத் தேர்வானதால் பெயர் பரவிய இச்சிற்றூரில், மலையடியில் ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 66 ஏக்கர் நிலத்தைச் சுற்றி வேலி எழுந்தபோது ஊரார் எழுப்பிய வினாக்களில் கதிர்வீச்சும் நிலத்தடி நீரும் மட்டுமே இடம்பெறவில்லை. ஆடுமாடுகள் அம்பரப்பர் மலைக்கு ஏறும் வழி திறந்திருக்குமா என்பதும் அவற்றுள் ஒன்று.